எது கண்டம்?

ஸ்டோர் கவுன்டரில் நின்றுகொண்டு நான் சொன்ன ஒரு வார்த்தை, பதினைந்தே நாளில் ஒரு மனிதரின் பிழைப்புக்கு உலை வைக்கப் பார்த்தது. அந்த வார்த்தை 'கண்டம்'. மில், பட்டறை, டெப்போ, ஆஸ்பத்திரி என்று எங்கே வேலை பார்த்தவர்களுக்கும் இது தெரிந்திருக்கும். அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததையும், அதனால் நான் கற்றுக்கொண்டதையும் எழுதுகிறேன்.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் 1994-ல் ஸ்டோர் கிளார்க்காகச் சேர்ந்து இருபது வருடம் இருந்தேன். சேர்ந்த முதல் வாரம் ஒருவர் தள்ளுவண்டியில் ஒரு மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கி, "தம்பி, இது கண்டம். எழுதிக்கங்க" என்றார். எனக்குத் தெரிந்த கண்டம் வேறு. பன்னிரண்டு வயசு வரைக்கும் பையனுக்குத் தண்ணியில கண்டம் என்று ஜோசியர் சொல்லிவிட்டதால், அம்மாயி என்னைக் கிணற்றுப் பக்கமே விட்டதில்லை. மோட்டாருக்கு என்ன கண்டம் என்று விழித்தேன். பக்கத்தில் இருந்த சீனியர்தான் விளக்கினார். இனிமேல் உதவாது என்று முடிவு கட்டி ஒதுக்கிய பொருளை ஆங்கிலத்தில் 'கண்டெம்ன்ட்' என்பார்கள். அது மில்லில் தேய்ந்து கண்டம் ஆகிவிட்டது. மில் பேச்சில் புழங்கும் டாஃபர், சைடர், ஜாபர், பாபின் எல்லாம் ஆங்கிலத்திலிருந்து வந்த வழியிலேயே இதுவும் வந்திருக்கிறது.

வந்த சொல் தமிழில் நன்றாகவே ஒட்டிக்கொண்டது. கண்டம் என்றால் ஏற்கெனவே நமக்குத் துண்டு, உயிருக்கு வரும் ஆபத்து, தொண்டை, பெருநிலப்பரப்பு என்று பல பொருள். உடைத்துத் துண்டாக்கப் போகிற இயந்திரத்துக்கு அந்தச் சொல் பொருந்தித்தான் போகிறது. ஆங்கில மூலத்துக்கு இன்னொரு பொருளும் உண்டு: குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லித் தண்டனை கொடுப்பது. அது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

புழக்கத்தில் இது பல வடிவம் எடுக்கும். தானாகக் கெட்டுப்போனால் 'கண்டம் ஆயிருச்சு'. அதிகாரி முடிவு செய்தால் 'கண்டம் பண்ணியாச்சு'. வருடக் கடைசியில் 'கண்டம் லிஸ்ட்'. டெப்போக்களில் மூலையில் புல் முளைத்து நிற்கும் வண்டி 'கண்டம் பஸ்'. 2023 ஏப்ரல் 1 முதல், பதினைந்து வருடம் தாண்டிய அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிப்பதில்லை என்று மத்திய அரசு விதி கொண்டுவந்த பிறகு அப்படி ஒதுங்கும் வண்டிகள் அதிகம். ஓடுகிற நிலையில் இருக்கும் வண்டியும் தேதி தாண்டினால் கண்டம்தான்.

ஆனால் ஒரு பொருளைக் கண்டம் பண்ணுவது லேசான காரியம் கிடையாது. எங்கள் மில்லில் அதற்கென்று ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு ஹிஸ்டரி கார்டு. எந்த வருடம் வந்தது, என்ன விலை, எப்போது என்ன பழுது, எதற்கு எவ்வளவு செலவு, கடைசியாக யார் பார்த்தது, எல்லாம் அதில் இருக்கும். கண்டம் பண்ண வேண்டுமென்றால் ஸ்பின்னிங் மாஸ்டர், மெயின்டனன்ஸ் தலைவர், கணக்குப் பிரிவு ஆள் என்று மூன்று பேர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். கார்டைப் புரட்டி, இன்னும் ஒரு வருடம் ஓட்டினால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். மூன்று கையெழுத்து விழுந்த பிறகுதான் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுப்போம்.

கோடு இழுத்த பிறகும் வேலை முடிந்துவிடாது. நூல் நூற்கும் இயந்திரமான ரிங் ஃபிரேம் ஒன்றைப் பிரித்தால், நூல் சுற்றும் பாபினைச் சுழற்றும் ஸ்பிண்டில், கியர், பேரிங், மோட்டார் என்று உதவக்கூடியது எவ்வளவோ வரும். அதையெல்லாம் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டு ஸ்டோரில் வரவு வைப்போம். மிச்சத்தைத்தான் யார்டில் கேஸ் கட்டர் வைத்து அறுப்பார்கள். அதிலும் வார்ப்பிரும்பு தனி, சாதா இரும்பு தனி, மோட்டாரிலிருந்து எடுத்த செம்பு தனி. பழைய இரும்பு வியாபாரியின் லாரியை முதலில் காலியாக எடை மேடையில் ஏற்றி எடை குறித்துக்கொள்வோம். அப்புறம்தான் லோடு. கண்டம் என்று சொன்ன ஆளே விற்கவும் கூடாது என்பது எங்கள் மாஸ்டர் வைத்திருந்த சட்டம். வீட்டுக்கோ கடைக்கோ பழைய சாமான் போடுகிறவர்கள் இந்த மூன்றைப் பின்பற்றினாலே நல்ல காசு மிஞ்சும்: கழற்ற வேண்டியதை முதலில் கழற்றுங்கள், உலோகத்தைப் பிரியுங்கள், எடையை உங்கள் கண்ணால் பாருங்கள்.

இத்தனை மரியாதையோடு ஒரு இரும்பை வழியனுப்பி வைத்த இடத்தில்தான் அந்தச் சம்பவம் நடந்தது.

2011. பழைய ரிங் ஃபிரேம்கள் ஆறை எடுத்துவிட்டு, நூல் நிறைந்த பாபினைத் தானே கழற்றும் ஆட்டோ டாஃபர் வைத்த புது ஃபிரேம்கள் வரப்போகின்றன என்று பேச்சு. ரிங் ஃபிரேம் பகுதியில் ஒரு ஃபிட்டர் அண்ணன் இருந்தார். 1984-ல் சேர்ந்தவர், அப்போது ஐம்பத்து நான்கு வயது. ஸ்பிண்டிலை அளவு பார்த்து நேராக நிறுத்தும் கேஜிங் வேலையில் அவரை அடிக்க ஆள் கிடையாது. ரிங்கின் நட்ட நடுவில் ஸ்பிண்டில் நிற்க வேண்டும், ஒரு மயிரிழை விலகினாலும் அந்த இடத்தில் நூல் அறுந்துகொண்டே இருக்கும். மற்றவர்கள் கேஜை வைத்துப் பார்த்துத் திருகுவார்கள். அவர் முதலில் இரண்டு விரலை வைத்துப் பார்ப்பார், பிறகு கேஜ் அதையே சொல்லும்.

அவருக்குக் காது போய்விட்டது. இருபத்தேழு வருடம் ரிங் ஃபிரேம் சத்தத்தில் நின்றால் போகாமல் என்ன செய்யும்? கவுன்டருக்கு வந்து "ஏனுங்க தம்பி, அந்த பேரிங்…" என்று ஆரம்பித்தால் குரல் யார்டு வரைக்கும் கேட்கும். நாம் ஒன்று சொன்னால் அவருக்கு வேறொன்று கேட்கும். ஒரு நாள் அப்படித்தான் இரண்டு தடவை மாற்றி மாற்றிச் சாமான் எடுத்துக்கொண்டு போனார். பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த சூபர்வைசர் தம்பி நின்றிருந்தார். "என்னங்க இவரு?" என்று கேட்டார். நான் ரிஜிஸ்டரிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல், "அவரு காது கண்டங்க" என்றேன்.

மனதில் எந்த வெறுப்பும் வைத்துச் சொல்லவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை வாயில் புழங்குகிற வார்த்தை, அதனால் வந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து அரை நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த ஒரு பையன் சொன்னான், "அந்தண்ணன் கண்டமாமுங்க." இடையில் எங்கேயோ 'காது' உதிர்ந்துவிட்டது. நான் ஒரு உறுப்பைச் சொன்னேன், மில் ஆளையே எடுத்துக்கொண்டது. அதற்கு அடுத்த வாரம், டீ கடைப் பக்கம் நின்றிருந்த இரண்டு அதிகாரிகள் ஆறு ஃபிரேமைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்து, "மெஷினோட சேர்த்து அந்த ஆளையும் கண்டம் பண்ணிரலாம்" என்று முடித்தார்கள். ஃபிரேம் ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் கார்டைப் புரட்டியவர்கள். அவருக்கு ஒரு டம்ளர் டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. கார்டும் இல்லை, மூன்று கையெழுத்தும் இல்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மனிதர்களைத் தூக்கிப்போடுவதற்குத் தமிழில் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். 'கறிவேப்பிலை மாதிரி தூக்கிப் போட்டுட்டாங்க' என்பது அடிபட்டவரே தன்னைப் பற்றிச் சொல்வது. மணத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு இலை ஓரத்தில் ஒதுக்கினார்கள் என்ற ஆற்றாமை அதில் இருக்கிறது. 'சக்கையா பிழிஞ்சுட்டாங்க' என்பதும் அப்படித்தான், சாறு இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிற சொல். 'தண்டம்', 'வேஸ்ட்டு', 'செல்லாக்காசு' எல்லாம் அடுத்தவர் நம்மீது ஒட்டுவது. பதர் இன்னும் கொடியது, உள்ளே மணியே இருந்ததில்லை என்கிறது. வள்ளுவர்கூட ஒரே ஒரு வகை ஆளைத்தான் 'மக்கட்பதடி', அதாவது மனிதரில் பதர், என்று சொல்லச் சொன்னார். அது பயனில்லாத பேச்சைப் பாராட்டிப் பேசித் திரிகிறவன். சம்பாதிக்க முடியாதவனையோ காது கேளாதவனையோ அவர் அப்படிச் சொல்லவில்லை. அந்தக் குறளின்படி பார்த்தால் அன்று கவுன்டரில் பதடியாக நின்றது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

மறுநாள் அண்ணனை டைம் ஆபீஸுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். 'சொந்த விருப்பத்தின் பேரில் ராஜினாமா செய்கிறேன், எல்லாக் கணக்கும் தீர்ந்தது' என்று டைப் அடித்த ஒரு தாள், கூடவே அறுபதாயிரம் ரூபாய். "நாளைக்கு கையெழுத்துப் போட்டு வாங்கிக்கங்க" என்றிருக்கிறார்கள். தாளை மடித்து எடுத்துக்கொண்டு நேராக என் கவுன்டருக்குத்தான் வந்தார். "தம்பி, இது என்னன்னு படிச்சுச் சொல்லுங்க" என்றார். அவர் காதில் விழும்படி நான் அதைக் கத்திப் படிக்க வேண்டியிருந்தது. அந்த வரிகளை என் வாயாலேயே உரக்கப் படித்தது இன்னும் மறக்கவில்லை.

மில்லில் தொழிற்சங்கத்தில் பழம் தின்று கொட்டை போட்ட ஒரு பெரியவர் இருந்தார். அவரிடம் இருவரும் போனோம். அவர் சொன்ன முதல் வார்த்தை: "கையெழுத்துப் போட்டீங்களா? இல்லயா? அப்பச் சரி. கணக்கைக் கேளுங்க."

அப்போதைய சட்டப்படி கணக்கு இதுதான். பணிக்கொடை (கிராஜுவிட்டி) சட்டம் 1972-ல் வந்தது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தவருக்கு, அவராக ராஜினாமா செய்தாலும் பணிக்கொடை உண்டு. கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சர்வீஸ் வருடத்தால் பெருக்க வேண்டும். அண்ணனுக்கு அந்த மாதச் சம்பளமும் பஞ்சப்படியும் 9,100 ரூபாய். 26-ஆல் வகுத்தால் 350. பதினைந்து நாளுக்கு 5,250. இருபத்தேழு வருடத்துக்கு 1,41,750. 'எல்லாக் கணக்கும்' என்று அவர்கள் நீட்டிய அறுபதாயிரம் இதில் பாதிகூட இல்லை. அப்போதிருந்த சட்டப்படி ஆட்குறைப்பு என்றால் அதற்கு நோட்டீஸ் தர வேண்டும், வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் நஷ்டஈடு தர வேண்டும், கடைசியாக வந்தவரைத்தான் முதலில் அனுப்ப வேண்டும். நூறு பேரோ அதற்கு மேலோ இருந்தால் அரசின் முன் அனுமதியும் வேண்டும். ராஜினாமா என்று அவர் கையாலேயே எழுதி வாங்கிவிட்டால் இது எதுவும் தேவையில்லை. அந்த ஒரு சொல்லுக்கு அவ்வளவு வேலை இருக்கிறது.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார், அது எனக்குச் சுத்தமாகத் தெரியாது. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் ஐந்து வருடமாவது இருந்த ஒருவர் ஓய்வு வயது வந்தோ விருப்ப ஓய்விலோ வெளியே வந்தால், வருடத்துக்கு 120 ரூபாய் கட்டித் தானும் துணையும் தொடர்ந்து வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். தாளில் 'ராஜினாமா' என்று இருந்தால் அது சிக்கல். 'விருப்ப ஓய்வு' என்று இருந்தால் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக் கதவு திறந்தே இருக்கும். அண்ணனின் வீட்டுக்காரம்மாவுக்குச் சர்க்கரை. மாதாமாதம் மாத்திரை. ஆகவே அந்தச் சொல்லை மாற்றாமல் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவு செய்தோம். சத்தத்தால் வரும் காது கேளாமை இ.எஸ்.ஐ. சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருந்தது என்பதையும் அவர்தான் சொன்னார். அதற்கு அண்ணன் போய் நிற்கவில்லை. நான் இன்னும் வற்புறுத்தியிருக்க வேண்டும்.

வருங்கால வைப்புநிதியான பி.எஃப். பக்கம் வேறு தலைவலி. அவர் பெயர் மில் ரிஜிஸ்டரில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி. பிறந்த தேதி பள்ளிச் சான்றிதழில் ஒன்று, பி.எஃப். தாளில் ஒன்று. வேலையில் இருக்கும்போதே திருத்தினால் நிர்வாகமே கையெழுத்துப் போட்டு அனுப்பும். வெளியே வந்த பிறகு அலைய வேண்டும். இன்று பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணும் ஆதாரும் இருந்தாலும் இந்தக் கஷ்டம் ஓயவில்லை, அதனால் இதை வாசிக்கிற யாராக இருந்தாலும் இந்த வாரமே உங்கள் பெயரும் தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பத்து வருடம் முடித்தவருக்கு 58 வயதில் பி.எஃப். பென்ஷன் உண்டு. 50-க்குப் பிறகு முன்கூட்டியே கேட்டால் குறைத்துத்தான் தருவார்கள். அண்ணன் 58 வரை பொறுத்திருந்தார்.

நிர்வாகத்திடம் பேசப் போனபோது அவர்கள் கேட்டது ஒன்றுதான்: "அவரு இப்ப என்ன வேலை செய்யறாரு?" யாருக்கும் உடனே பதில் வரவில்லை, எனக்கும்தான். ஆறு ஃபிரேமுக்கும் கார்டு இருந்தது, அவருக்கு இல்லை. அன்று மதியமே உட்கார்ந்து சாமான் கணக்கு எழுதும் ஸ்டோர் 'பின் கார்டு' ஒன்றை எடுத்தேன். தேதி, விவரம், வரவு, செலவு, இருப்பு என்று கோடு போட்டிருக்குமே, அதுதான். இயந்திரத்துக்கு எழுதுவது போலவே எழுத ஆரம்பித்தேன். 1984-ல் பதிலியாக, வராதவர்களுக்குப் பதில் ஆளாக, சேர்ந்தது. எப்போது நிரந்தரம் ஆனது. எந்தெந்த ஃபிரேமை அவர் பூட்டி நிறுத்தினார். எந்த வருடம் எந்தப் பையன்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தார். ஸ்டோரில் சாமான் கேட்டு எழுதும் இண்டென்ட் புத்தகங்களைப் புரட்டியபோது இன்னொன்றும் தெரிந்தது. அவர் பார்த்த ஃபிரேம்களுக்கு ஸ்பிண்டிலும் பேரிங்கும் மற்றவற்றைவிடக் குறைவாகவே செலவாகியிருந்தது. பதினேழு வருடமாக அந்தப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிய எனக்கு அது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

பேச்சு மூன்று தடவை நடந்தது. கடைசியில் பணிக்கொடை முழுசாக வந்தது. தாளில் விருப்ப ஓய்வு என்று மாற்றிக் கொடுத்தார்கள். முதலில் 'எல்லாக் கணக்கும்' என்று நீட்டிய அறுபதாயிரத்துக்குப் பதிலாக, பணிக்கொடை போகத் தனியாக நாற்பதாயிரம் தந்தார்கள். வேலையைக் காப்பாற்ற முடியவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை.

ஆறு ஃபிரேமில் நாலு யார்டில் துண்டானது. இரண்டை உடுமலைப் பக்கம் ஒரு சின்ன மில் முழுசாக வாங்கியது. பிரித்துக்கொண்டு போய் அங்கே நிறுத்த ஆள் வேண்டும் என்று அவர்கள் ஸ்டோரில் விசாரித்தபோது நான் அந்தக் கார்டின் ஜெராக்ஸைக் கொடுத்தேன். அண்ணன் போய் இருபது நாள் தங்கி நிறுத்திக் கொடுத்தார். அங்கிருந்து பல்லடம், அப்புறம் வேறு ஊர் என்று கேஜிங் வேலைக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். மாதம் முழுவதும் வேலை இருக்கும் என்று சொல்ல முடியாது. பத்து நாள் இருக்கும், சில மாதம் அதுவும் இருக்காது.

அதற்குப் பிறகு என் வாயில் ஒரு பழக்கத்தை வலிந்து ஏற்படுத்திக்கொண்டேன். யாராவது ஒரு ஆளைக் கண்டம், வேஸ்ட்டு, தண்டம் என்றால், "எது?" என்று கேட்பேன். காதா, கையா, கம்ப்யூட்டர் தெரியாததா, நேரத்துக்கு வராததா? கோபமாகக் கேட்பதில்லை, ஸ்டோர்காரன் சாமான் பேர் கேட்பது போலத்தான். பெரும்பாலும் ஒரு பாகத்தின் பெயர்தான் பதிலாக வரும். பாகம் என்றால் என்ன செய்வது என்று பேசலாம். காது கேளாதவரிடம் சீட்டில் எழுதிக் காட்டலாம், இண்டென்ட்டை எழுதியே வாங்கலாம். அதை நான் 2011-க்கு முன்னாலேயே செய்திருக்க முடியும், ஒரு ஸ்லேட்டும் சாக்பீஸும் போதுமாயிருந்தது.

இப்போது வேறு ஒரு நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தம் போட்டு நேரடியாகச் சேர்த்தவருக்கு ஒரு வருடம் முடிந்தாலே பணிக்கொடை உண்டு என்பது அதில் வந்திருக்கும் மாற்றங்களில் ஒன்று. ஆகவே மேலே சொன்ன பழைய விதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், இன்றைய நிலையைத் தொழிலாளர் துறை அலுவலகத்திலோ சங்கத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள். எந்தச் சட்டமானாலும் மாறாத சில வேலைகள் இருக்கின்றன: சம்பளச் சீட்டைத் தூக்கிப் போடாமல் சேர்த்துவையுங்கள், சேர்ந்த தேதிக்கு ஒரு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள், வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், நீட்டிய அன்றே எதிலும் போடாதீர்கள். அப்புறம், உங்கள் கார்டை நீங்களே எழுதுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை, என்ன செய்தோம் என்று நாலு வரி. கேட்கிற அன்று ஞாபகம் வராது.

அண்ணனைப் போன பொங்கலுக்குப் போய்ப் பார்த்தேன். காதில் மிஷின் வைத்திருக்கிறார், பாதிதான் கேட்கிறதாம். அந்தக் கார்டை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு பீரோவில் வைத்திருந்தார், எடுத்துக் காட்டினார். அவர் மில் மில்லாகப் போன ஊர்களை எல்லாம் பேத்தியைவிட்டுக் கீழே எழுத வைத்திருக்கிறார். நான் எழுதியபோது கடைசிக் கட்டத்தில், 'இருப்பு' என்ற இடத்தில், என்ன போடுவது என்று தெரியாமல் காலியாக விட்டிருந்தேன். அதில் இப்போது பென்சிலால் அவருடைய செல் நம்பர் இருக்கிறது. நம்பர் மாறினால் அழித்து எழுதிக்கொள்ளலாம் என்றுதான் பென்சில், என்றார்.